சிங்கம் சுட்டவரின் வருத்தம்

"வருத்தப்படுறாரான்னு மறுபடி கேளு யஸ்னா," என்றாள் இமோஜென்.

மலைச்சிங்கங்களைப் பற்றிப் படம் எடுக்க இங்கிலாந்திலிருந்து, தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் பத்தகோனியாவுக்கு வந்தவள். தாய்ச் சிங்கம் கிடைத்துவிட்டது, குட்டிகளும் கிடைத்துவிட்டன. ஒரு காலத்தில் அவற்றைச் சுட்டவர் மனம் மாறி உருகும் காட்சிதான் பாக்கி.

அதற்காக என் அப்பா பெலார்மினோ சவரம் செய்து, நல்ல கழுத்துக்குட்டையைக் கட்டிக்கொண்டு, அடுப்பருகே கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கேட்டேன்.

"என்னத்துக்கு வருத்தம்?" என்றார். "ஒரே ராத்திரியில அத்தனை ஆட்டையும் கடிச்சுப் போட்டுட்டு, ஒண்ணைக்கூட முழுசாத் திங்காமப் போகும் அது. முதலாளி யாரை ஏசுவான்? என்னைத்தானே! பனியில நாயோட அலைஞ்சு கால் விரலு கருகிப் போச்சு. அப்படித்தான்டி உன்னை வளத்தேன். நல்லா எழுதிக்கச் சொல்லு, இந்த மலையில என்னை மிஞ்சின சிங்கக்காரன் எவனும் கிடையாது!"

இமோஜென் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மொழிபெயர்ப்பு வேலை எனக்கு வேண்டும். அடுத்து வரும் குழுவிடமும் என்னைச் சொல்லி வைப்பதாகச் சொல்லியிருந்தாள். ஓட்டலில் படுக்கை விரித்து விரித்து எனக்கு அலுத்துவிட்டது. படத்தில் அப்பாவின் குரலைத் தாழ்த்திவிட்டு மேலே யாரோ ஆங்கிலத்தில் பேசத்தான் போகிறார்கள். யாருக்குத் தெரியப்போகிறது?

"கொன்ற சிங்கங்கள் இன்னும் கனவில் வருகின்றன என்கிறார்," என்றேன். "தன்னை மன்னிக்கவே முடியவில்லையாம்."

இமோஜென் அழுதுவிட்டாள். எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா பதறிப்போனார். என்ன செய்வதென்று தெரியாமல் மாத்தே என்னும் இலைத்தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"என்னடி, இந்தப் பொண்ணு இப்படி அழுவுது? நான் சொன்னதையா சொன்னே?"

"நீங்க சொன்னதைத்தான்பா."

யார் முன்னாலும் கலங்காத மனிதர், அப்போது கலங்கினார்.

"நான் பட்ட பாட்டைக் கேட்டு யாரும் அழுததில்ல யஸ்னா. நீகூட அழுததில்ல."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது எனக்கு.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து, அவளுக்கு எல்லாம் புரியும் என்ற தைரியத்தில், மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

அம்மா செத்த குளிர்காலத்தைப் பற்றி.

அம்மாவுக்கு ஜுரம் என்று மலைக்கு ஆள் வந்து சொன்னானாம். சிங்கத் தோலோடு வராவிட்டால் வேலையும் இல்லை வீடும் இல்லை என்று அதே ஆளிடம் முதலாளியும் சொல்லி அனுப்பியிருந்தானாம். தோலோடு இறங்கி வந்தபோது அம்மாவைப் புதைத்து மண்ணும் மூடியாகிவிட்டதாம். வேலை போனால் போகட்டும் என்று வந்திருக்க வேண்டும், வராமல் போனேனே என்று நினைக்காத நாளில்லையாம். என்னிடம் சொன்னால் வெறுத்துவிடுவேன் என்று பயந்தே சொல்லவில்லையாம்.

வேட்டை வெறியில்தான் அவர் வராமல் இருந்தார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அதற்காக அவரை வெறுத்தும் இருக்கிறேன்.

"இப்ப என்ன சொல்றார்?" இமோஜென் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

முதலில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ளாமல் இதைச் சொல்ல முடியாது.

"அதையேதான்," என்றேன். "சிங்கங்களுக்காக வருத்தப்படுகிறார்."

சரியாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, அப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.