பச்சை ஸ்வெட்டர்

மூன்றாவது நாளாக அதே பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள் சாமியம்மாள்.

மலர்கொடிக்கு வயிறு எரிந்தது.

இரண்டு பேருக்கும் நெய்வேலி டவுன்ஷிப்பில் ரோடு பெருக்கும் கான்ட்ராக்ட் வேலை. ஒரே ஊர், ஒரே ஷேர் ஆட்டோ.

விடிந்தும் மூடுபனி விலகவில்லை. எதிர் குவார்ட்டர்ஸ்கூடத் தெரியவில்லை. புடவைக்கு மேல் மாட்டியிருந்த புருஷனின் பழைய சட்டை பனியில் நனைந்து மலர்கொடியின் முதுகில் ஒட்டியிருந்தது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். பனி வந்தாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும்.

திங்கட்கிழமை ஒரு குவார்ட்டர்ஸ் அம்மா அந்த ஸ்வெட்டரைக் கொடுத்ததை அவளே தூரத்திலிருந்து பார்த்தாள். வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்ட சாமியம்மாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"நல்லா கதகதன்னு இருக்குமே யக்கா?"

"ம்." சாமியம்மாளுக்குப் பல் தந்தியடித்தது.

"ஸ்வெட்டரும் போட்டுக்கினு நடுக்கம் வேறயா? நான் கேட்டுடுவேன்னு நடிக்கிறியா?"

சாமியம்மாள் குனிந்து பெருக்கிக்கொண்டே நகர்ந்தாள்.

சைக்கிளில் வந்த சூப்பர்வைசர் சிரித்தார். "என்னா மலர்கொடி, ரோட்டைப் பெருக்குறியா, அவ முதுகைப் பெருக்குறியா?"

அவர் தலை மறைந்ததும் மலர்கொடி துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"ஒரு மணி நேரம் எனக்குக் குடுத்தா கொறஞ்சா பூடுவ? மூச்சு வுட முடியாம நிக்கிறேன், கண்ணு தெரியல? கழட்டு!"

"இன்னிக்கு வேணான்டி."

"ஒனக்கெல்லாம் மனசே இல்லக்கா!"

கையைப் பிடித்து இழுத்தவள் சட்டென்று விட்டாள். ஸ்வெட்டரின் கை ஐஸாகச் சில்லிட்டது. பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல ஈரம்.

"இன்னாக்கா இது?"

திருட்டில் பிடிபட்டவள்போல் நின்றாள் சாமியம்மாள்.

"ஒனக்கு இழுப்புன்னு சொல்லித்தான்டி அந்தம்மாகிட்ட கேட்டு வாங்கினேன். பரண்ல கெடந்தது, ஒரே தூசி. அப்படியே குடுத்தா ஒனக்கு ஆவாதேன்னு அன்னிக்கே அலசிட்டேன். அதுக்கப்புறம் வெயிலையே காணோம். ஈரத்தோடவும் ஒனக்குக் குடுக்க முடியாது. ஒடம்புல போட்டுக்கினு இருந்தா சூட்டுல காஞ்சிடும்னு பாத்தேன்..."

உதடு வெளுத்திருந்தது அவளுக்கு. ஸ்வெட்டரின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"மாரு, முதுகு எல்லாம் காஞ்சிடுச்சு. கை ரெண்டும்தான் பாக்கி. நாளைக்குத் தந்துடுறேன், கோவிச்சுக்காதடி."