பீரோவுக்குப் பின்னால்

"தள்ளு, தள்ளு… இன்னும் கொஞ்சம்!"

"எனக்கு இடுப்பே விட்டுப்போச்சுங்க. அதை மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றாள் மனைவி.

பெரியவர் தோளால் முட்டித் தள்ளினார். பின்னறைச் சுவரில் மேலிருந்து கீழே ஓடிய விரிசல், பீரோவின் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. ஒவ்வொரு மழைக்கும் இரண்டு பேரின் தூக்கத்தையும் கெடுக்கிற விரிசல். சரிசெய்யத்தான் வழியில்லை.

பக்கத்துக் காலி மனையில் அவருடைய தம்பி வீடு கட்டப்போகிறான். அதற்கு முன்னால் மண்ணைச் சோதிக்க ஆட்கள் வந்து துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்கு ஜன்னலை விட்டு நகர மனம் வரவில்லை. குழாயிலிருந்து முதலில் செம்மண் வந்தது, பிறகு சாம்பல் நிறக் களிமண். அதை என்னமோ தங்கம் மாதிரி பையில் கட்டி வைத்தார்கள்.

தம்பியோடு பேச்சு நின்று பல வருஷம் ஆகிறது. சொத்துப் பிரித்த அன்று, "அண்ணனுக்கு வீடு, எனக்கு வெறும் மண்ணா?" என்று கேட்டுவிட்டான். அந்த ஒரு வார்த்தையைப் பெரியவர் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார்.

நேற்று அந்த ஆட்களோடு வந்திருந்த இன்ஜினியர் பெண் இங்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "நாளைக்கு உங்க வீட்டையும் பார்க்கணும் ஐயா. இப்பவே எங்கெங்க விரிசல் இருக்குன்னு எழுதி வெச்சுட்டா, பின்னால எங்க வேலையால வந்ததுன்னு சண்டை வராது பாருங்க."

பெரியவர் மூளையில் பல்பு எரிந்தது.

"இன்னிக்கு விரிசல் இல்லைன்னு எழுதட்டும். அவன் தோண்ட ஆரம்பிச்சதும் பீரோவை நகர்த்திட்டு, 'பாருடா, உன்னால என் சுவர் பிளந்துடுச்சு'ன்னு நிப்பேன். அவனே கட்டித் தரணும்!"

"பாவம் இல்லையா?"

"வெறும் மண்ணுன்னு கேட்டானே, அப்போ எங்க போச்சு உன் பாவம்?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இன்ஜினியர் பெண் வந்துவிட்டாள். அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டினாள், டார்ச் அடித்தாள், போட்டோ எடுத்தாள். பின்னறைக்கு வந்ததும் தரையைக் குனிந்து பார்த்தாள். பீரோவின் கால் இழுத்த கீறல் பளிச்சென்று தெரிந்தது.

"பீரோ ரொம்ப கனமோ ஐயா?"

"அசைக்கவே முடியாதும்மா. வந்த நாள்லேருந்து அங்கேயேதான் நிக்குது."

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"இருக்கட்டும் ஐயா" என்று ஏதோ எழுதிக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

பெரியவரால் சும்மா இருக்க முடியவில்லை. மூலை முடுக்கு விடாமல் தட்டிப் பார்த்தவள், பீரோவை மட்டும் ஏன் விட்டாள்? கொல்லைப் பக்கமாகப் போய் மதிலோரம் காதைக் கொடுத்தார்.

அந்தப் பக்கம் அவள் களிமண்ணை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சேறு. கவிழ்த்த வாளி மேல் போனை வைத்து, ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள்.

"சார், பீரோவைத் தள்ளி மறைச்சுட்டார். தரையெல்லாம் கீறல். நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணும் கேட்காம வந்துட்டேன். கண்ணுக்குத் தெரிஞ்சவரை விரிசல் இல்லைன்னு எழுதியிருக்கேன்."

"அந்த விரிசலுக்குள்ளதாம்மா சின்ன வயசுல என் கோலியெல்லாம் ஒளிச்சு வைப்பேன்." தம்பியின் குரல் சிரித்தது. "தோண்டறதை அந்தச் சுவரை விட்டு நல்லா தள்ளியே வெச்சுக்குவோம். அதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது."

பெரியவரின் கை மதிலைப் பிடித்துக்கொண்டது.

"ஆனா உங்களாலதான் பிளந்துச்சுன்னு நாளைக்கு வந்து நிப்பாரே சார்?"

"நிக்கட்டும். ஆமா, என்னாலதான்னு சொல்லிச் சரிபண்ணிக் கொடுத்துடறேன்."

"செய்யாத தப்பை ஏன் சார் தலையில போட்டுக்கறீங்க? நேரா போய், நானே சுவரைக் கட்டித் தரேன்னு சொல்லிடலாமே?"



"எங்க அண்ணனை உங்களுக்குத் தெரியாதும்மா. நல்லது செய்ய வந்திருக்கேன்னா கதவையே திறக்கமாட்டார். தப்பு பண்ணிட்டேன்னு போய் நின்னாத்தான் உள்ளே விடுவார்."