ஐந்தாவது செடி

லக்ஸம்பர்க்கில் ஒரு வீட்டில் நான்கு கஞ்சாச் செடிகள் வரை வளர்க்கலாம். என் கணவர் பரணி நான்குதான் வைத்திருந்தார். அவற்றில் ஒடிந்த கிளையொன்றைத் தூக்கிப்போட மனமில்லாமல், ஊரில் செம்பருத்திக்குச் செய்வதுபோல ஒரு தொட்டி மண்ணில் ஊன்றினேன். இங்கே கறிவேப்பிலைகூடப் பிடிக்காத என் கைக்கு அது வேர்விட்டுத் தளிர்த்துவிட்டது.

"நாலுக்கு மேல போனா கேஸுடி! குடியுரிமைக்கு வேற எழுதிப் போட்டிருக்கோம். பிடுங்கிப் போடு."

"நீங்களே பிடுங்குங்க."

"நட்டது யாரு, நானா?"

அப்போது வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. பரணியின் முகம் வெளுத்தது. நான் செடியைப் பிடுங்கினேன். வெள்ளை வேர்கள் மண்ணை விடாமல் பற்றிக்கொண்டு வந்தன.

"குப்பையில போடு, சீக்கிரம்!"

அழைப்புமணி அடித்தது. செடியை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டேன். ஈரமண் வயிற்றில் சில்லிட, கதவைத் திறக்க நானே போனேன்.