கல்லில் வெட்ட ஒரு வருஷம்

“முப்பத்தஞ்சுன்னே போடச் சொல்லு,” என்றார் ஆர்லோ, மூன்றாவது தடவையாக. சொல்லிவிட்டு அடுத்த கட்டையை நிறுத்திக் கோடரியால் ஒரே போடு போட்டார்.

வாசற்படியில் கைப்பேசியோடு நின்ற மகள் ஜோலினுக்குப் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. எண்பத்து நான்கு வயதில் மூச்சு வாங்காமல் விறகு பிளக்கிறவருக்கு, மனைவி பிறந்த வருஷம் மட்டும் எப்படி மறக்கும்? அம்மா போன இந்த இரண்டு வாரத்தில் அப்பாவின் ஞாபகமும் போய்விட்டதோ என்று பயந்தாள்.

“நிலம் உறையறதுக்குள்ள கல்லை நட்டாகணும், ஜோலின்,” என்றார் மறுமுனையில் கல்லறைக்கல் செதுக்கும் செஸ்டர். “விட்டா வசந்தம் வரைக்கும் குழி தோண்ட முடியாது. ஆளுக்கொரு பிறந்த வருஷம் சொல்றீங்க. எதை வெட்ட?”

“பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்.”

அம்மா எடித் முப்பது வருஷம் அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சாலைகளில் நூலக வேன் ஓட்டியவள். சேற்றில் வண்டி புதைந்தால் உள்ளேயே உட்கார்ந்து படிப்பாள். டிராக்டரோடு இழுக்க வந்தவரை, “இருங்க, ரெண்டு பக்கத்துல அத்தியாயம் முடிஞ்சிடும்” என்று நிறுத்தி வைப்பாள்.

அவள் அடக்கத்தன்று தேவாலயத்தில் நிற்க இடமில்லை. பண்ணைக்காரர்கள் வரிசையாக வந்து, தங்களுக்கென்று அவள் எடுத்து வைத்த புத்தகங்களின் பெயரைச் சொல்லி அழுதார்கள். அப்படிப்பட்டவள் கல்லில் தப்பான வருஷமா?

ஜோலின் கைப்பேசியை அப்பா முகத்துக்கு நேராக நீட்டினாள். காலையில் அம்மா பிறந்த ஊர் தேவாலயத்தில் எடுத்த படம்.

“அம்மாவோட ஞானஸ்நானப் பதிவு. 1929. பாதிரியார் கைப்பட எழுதினது. அம்மாவுக்கு எண்பத்திரெண்டு இல்லப்பா, எண்பத்தெட்டு.”

அவர் பார்க்கவேயில்லை. “முப்பத்தஞ்சு.”

“ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. டாக்டர்கிட்ட போலாம். இப்படி அடம் பிடிச்சா நான் எங்க போய் முட்டிக்கறது?”

ஆர்லோ கோடரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார்.

“ஞாபகத்துக்கு ஒண்ணும் கேடு இல்ல. அவ வயசு எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன மறு வாரமே அவ அக்கா உளறிட்டா.”

ஜோலின் படியில் உட்கார்ந்துவிட்டாள். “தெரிஞ்சுமா வருஷா வருஷம் கேக்ல தப்பான எண்ணிக்கையில மெழுகுவத்தி ஏத்தினீங்க?”

“ஐம்பத்தெட்டாம் வருஷம், நடனக் கூடத்துல, சிநேகிதிகிட்ட சொல்லிட்டிருந்தா. ‘என்னைவிடச் சின்னவனை மட்டும் கட்டிக்க மாட்டேன், ஊர் சிரிக்கும்’னு. அது என் காதுல விழுந்தது. போய்ப் பேசினேன். எனக்கு இருபத்தஞ்சுன்னேன். அவ தனக்கு இருபத்திமூணுன்னா. அப்புறம் விளக்கணைக்கிற வரைக்கும் ஆடினோம்.”

“ஒரு தடவைகூடக் கேக்கலையா?”

“கேட்டா அவ முகம் சுருங்கிடும். அதைப் பார்க்கறதுக்கா கட்டிக்கிட்டேன்?” அவர் பிளந்த விறகை அடுக்க ஆரம்பித்தார். “உயிரோட இருந்தப்ப நான் அவளைப் பொய்க்காரியாக்கல. இப்ப கல்லை வெச்சுப் பண்ணச் சொல்றியா?”

கோபப்படுவதா அழுவதா என்று ஜோலினுக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அறுபது மைல் வண்டி ஓட்டியது வீண். செஸ்டரை அழைத்தாள்.

“முப்பத்தஞ்சுன்னே வெட்டுங்க.”

“அப்பாடா. ரெண்டு பேருக்கும் ஒரே ஜோடிக் கல்லுங்கறதால உங்கப்பா பேரையும் பிறந்த வருஷத்தையும் இப்பவே வெட்டிடறேன். ஆனா லைசென்ஸைப் பார்த்துச் சொல்லுங்க. இந்தக் கூத்தை இன்னொரு தடவை என்னால தாங்க முடியாது.”

ஜோலின் கையை நீட்டினாள். “உங்க லைசென்ஸ்.”

தன் பர்ஸை அவர் இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை. “முப்பத்திமூணுன்னு சொல்லிடேன்.”

“பார்த்துத்தான் சொல்வேன். இன்னிக்கு இனிமே யார் வாய்ப்பேச்சையும் நம்பறதா இல்ல.”

நெடுநேரம் தயங்கிவிட்டு எடுத்துக் கொடுத்தார். அவள் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். 1938. அம்மாவைவிட முழுதாக ஒன்பது வயது சின்னவர்.

“அப்பா, இதுல முப்பத்தெட்டுன்னு...”

ஆர்லோ அவசரமாக வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“மெதுவாப் பேசும்மா. உங்கம்மாவுக்குத் தெரியாது.”