ஏழு மணிக் கையசைப்பு

காலை ஏழு மணிக்கு ஆடு மேய்க்கும் பெண் முள்வேலியோரம் வந்தாள். காவல் துப்பாக்கி தானாகவே அவள் பக்கம் திரும்பியது. அந்த அயல்நாட்டுக் குன்றில் பதினான்கு மாதமாக நடப்பதுதான். ஹவில்தார் இருதயராஜ் கையசைப்பார், துப்பாக்கி தாழும், அவளும் கையசைத்துவிட்டுப் போவாள்.

இன்று அவர் அசைக்கவில்லை. சனிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். மதிய ஹெலிகாப்டரில் ஊருக்குக் கிளம்புகிறார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் தனுஷ்கோடியை அசைக்கச் சொன்னார்.

அசைத்தான். துப்பாக்கி தாழவில்லை.

"நல்லாத் தூக்கி ஆட்டுடா!"

இரண்டு கைகளையும் ஆட்டினான். துப்பாக்கியின் மேலிருந்த சிவப்பு எண் பத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. அந்தப் பெண்ணோ புது ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நாலு... மூணு..."

இருதயராஜ் பாய்ந்து வந்து தன் கையைத் தூக்கி அசைத்தார். துப்பாக்கி தாழ்ந்தது. அவள் கையசைத்துவிட்டு ஆடுகளோடு இறங்கிப் போனாள்.

தனுஷ்கோடி துப்பாக்கியைச் சுற்றிவந்து பார்த்தான். "இது கையசைக்கிறதப் பழகலண்ணே. உங்களத்தான் பழகியிருக்கு. நிறுத்த முடியாதா?"

"மேலிடத்துக்கு எழுதணும். பதில் வர ஒரு மாசம் ஆகும்."

"அப்ப நாளைக்கு வராதேன்னு அவகிட்டச் சொல்லிடலாம்."

"ஊத்து இந்தப் பக்கம்தான்டா இருக்கு. ஆட்டுக்குத் தண்ணி காட்ட வேற எங்க போவா?"

மதியம் ஹெலிகாப்டர் இறங்கியது. இருதயராஜ் பெட்டியில்லாமல் ஓடிவந்து, மாப்பிள்ளைக்கு வாங்கிய கைக்கடிகாரத்தை விமானியிடம் நீட்டினார்.

"சார், சனிக்கிழமைக்குள்ள இத மட்டும் எங்க வீட்ல சேத்துடுங்க."