ஓமம் கேட்ட இடம்

அஞ்சறைப் பெட்டியைக் கழுவித் துடைச்சுக்கிட்டே இந்தக் கதையைச் சொல்றேன்.

ஒரு நாள் ஓமம் காகிதப் பொட்டலத்தோட வந்து அஞ்சறைப் பெட்டிகிட்ட இடம் கேட்டுச்சு. "வெளிய கிடந்தா நமுத்துப் போயிடுவேன்க்கா. ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

"முதல்ல நீ மசாலாவா, மருந்தான்னு சொல்லு," என்றது பெட்டி.

"முறுக்குல போட்டா மசாலா. பிள்ளைக்கு வயிறு வலிச்சா மருந்து."

"ரெண்டும்னு ஒரு வகையே எங்கிட்ட கிடையாது. இது மசாலாப் பெட்டி."

ஓமத்துக்கு எரிச்சல் வந்துருச்சு. "அப்போ மஞ்சள் மட்டும் எப்படி உள்ள இருக்கு? புண்ணுக்கும் அதைத்தானே வைக்கிறாங்க?"

நியாயம்தான்னு பெட்டி மஞ்சளை வெளிய அனுப்புச்சு. கஷாயத்துக்குப் போறதால மிளகும் சீரகமும் போச்சு. நாம தப்பிச்சோம்னு கடுகு சிரிச்சது. "நேத்து பிள்ளைக்குத் திருஷ்டி சுத்துனது யாராம்?" என்று கேட்டுப் பெட்டி அதையும் தள்ளிவிட்டுச்சு.

"இப்பதான் ஒரு குழப்பமும் இல்ல," என்றது காலிப் பெட்டி, பெருமையா.

ஓமம் தலையில அடிச்சுக்கிச்சு. "அட மக்கு அக்கா, நாளைக்குக் குழம்பு வைக்க வீட்டுக்காரி உன்னைத் திறந்து பாத்தா..."

இதோ வரேங்க! பிள்ளை வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழுவுதாம், ஓமம் எங்கன்னு அவரு கேக்கறாரு, நான் அதை எந்த டப்பாவுல வெச்சேனோ...