கம்பளி போர்த்திய கிட்டார்

ஒலியைப் பெருக்கும் பவர் ஆம்ப் ஒன்றை, மூன்றாவதாக, தூக்கிக்கொண்டு கிட்டார்க்காரன் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தான். தோளில் கிட்டார், கையிடுக்கில் பல ஆம்ப்களின் குரலைப் போலச் செய்யும் மாடலர்.

"சொன்ன மாதிரியே வேற ஆம்ப் போட்டுப் பார்த்தாச்சு. அதே கதைதான். கிட்டார் கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பாடுது."

கடைக்காரி சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தாள். "முதல்ல வால்வு ஆம்ப், அப்புறம் டிரான்சிஸ்டர். இப்ப இதுவா? சரி, கடை ஸ்பீக்கர்ல மாட்டி வாசிங்க."

வாசித்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அவன் கண் தந்திகளில் இல்லை.

சட்டென்று அவள் மாடலரின் திரையில் ஒன்றைத் தொட்டாள். கிட்டார் கணீரென்று ஒலித்தது.

"ஆம்ப் மேல ஒரு தப்பும் இல்லை. நிஜ ஸ்பீக்கர் இருக்கும்போது மாடலருக்குள்ள போலி ஸ்பீக்கரும் சேர்ந்து ஓடுது. அதை அணைச்சா போதும். இத்தனை வருஷமா மேடையில வாசிக்கிறவருக்கு இது தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு மூணு ஆம்பைச் சுமந்தீங்க?"

"கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போனவன் நான். கட்டின பொண்டாட்டியைப் பார்க்க வேற என்ன சாக்கு சொல்லுவேன்?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நான் முதல் நாளே கண்டுபிடிச்சிட்டேன். வேற ஆம்ப் கொண்டுவாங்கன்னு எதுக்குச் சொல்லி அனுப்பினேனாம்?"

அவள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"உங்க துணிமணியெல்லாம் கார்லதானே கிடக்கு? எடுத்துட்டு வாங்க, உள்ள சாப்பாடு ஆறுது."